பெட்டியில் உறங்கும் டெக்கியைத் தெருவில் நடக்க வைப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில் விளையாட்டுக் காலணிக்கு டெக்கி என்று பெயர். டர்பனில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தாத்தா முதல் பேரன் வரை அந்தச் சொல்லையே சொல்வார்கள். எங்கள் இளைஞர்கள் பலருக்கு டெக்கி மீது தீராத ஆசை உண்டு. அலமாரியில் ஐந்து ஜோடி, ஆறு ஜோடி என்று அடுக்கி வைத்திருப்பார்கள், துணியால் துடைப்பார்கள், வெள்ளை அடிப்பகுதியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். ஆனால் வாரத்தில் ஒருநாள் கூட அரை மணி நேரம் வேகமாக நடக்க மாட்டார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். உடலை அசைக்கும் மனம் எங்கிருந்து வரும் என்று வெளியே தேடிக்கொண்டிருந்த எனக்கு, அது அலமாரிக்குள்ளேயே இருந்தது என்பது ஒரு ஜோடி உதிர்ந்த பிறகே விளங்கியது. ஆசையை வேலைக்கு அழைத்துச் செல்லும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த ஜோடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஆறு மாதச் சேமிப்பில் வாங்கியது. நல்ல நாளில் அணியலாம் என்று மெல்லிய தாளில் சுற்றிப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். ஒரு பிப்ரவரி மாலை, உறவினர் திருமணத்திற்குப் புறப்படும்போது எடுத்துக் காலில் மாட்டினேன். வாசற்படி இறங்குவதற்குள் குதிகாலுக்கு அடியில் ஏதோ நசுங்கியது. குனிந்து பார்த்தபோது, மேற்பகுதி புத்தம் புதிதாக இருக்க, நடுப்பகுதி ஈரம் பட்ட நாட்டுச் சர்க்கரையைப் போல் பிசுபிசுத்துக் கட்டி கட்டியாக உதிர்ந்து படியில் கிடந்தது. ஒரு நாள் கூட நடக்காத காலணி, இருபது அடி தாங்கவில்லை. மனம் வெகுவாக வலித்தது.

காரணம் எளியது, டெக்கிப் பிரியர் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காலுக்கும் தரையைத் தொடும் ரப்பருக்கும் இடையில் இருக்கும் மெத்தென்ற பகுதியை மிட்சோல் என்பார்கள். பழைய மாதிரிகளில் பலவற்றிலும், அவற்றின் மறுபதிப்புகளிலும், இது பாலியூரித்தேன் என்னும் நுரையால் ஆனது. காற்றிலுள்ள நீராவி அந்த நுரையின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைச் சிறிது சிறிதாக அறுத்துவிடுகிறது; இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். வெப்பமும் ஈரமும் கூடினால் அது விரைந்து நடக்கும். இந்தியப் பெருங்கடலை ஒட்டிய டர்பனில், டிசம்பர் முதல் மார்ச் வரை சுவரே வியர்க்கும் நாட்களில், மூடிய பெட்டி அந்த நுரைக்குப் பாதுகாப்பு ஆகாது. ஈ.வி.ஏ. என்னும் இன்னொரு வகை நுரை இப்படி உதிராது. ஆனால் காலப்போக்கில் இறுகித் துள்ளலை இழந்துவிடும். ஒட்டும் பசையும் காய்ந்து விட்டுப்போகும். அணியாமல் வைத்தாலும் டெக்கி முதுமை அடையும் என்பதை மனத்தில் இருத்துங்கள். நடந்து தேய்வதும் நடக்காமல் உதிர்வதும் மட்டுமே அதற்கு உள்ள இரண்டு வழிகள் என்றால், முதலாவதில் உங்கள் உடலுக்கும் பங்கு கிடைக்கிறது.

எனவே இன்றே எல்லா ஜோடிகளையும் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றின் மிட்சோலையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெதுவாக உள்ளே போய்த் திரும்பி வந்தால் உயிர் இருக்கிறது. பசை போல் ஒட்டினாலோ, மயிரிழை விரிசல்கள் தெரிந்தாலோ, அதை நடைக்குப் பயன்படுத்தாதீர்கள். வழியில் உடைந்தால் கணுக்கால் பிசகும். மிஞ்சியவற்றுக்கு ஆளுக்கொரு வேலையைக் கொடுங்கள். எல்லா டெக்கியும் எல்லா வேலைக்கும் ஆகாது. பலர் ஒரு வாரம் ஓடிவிட்டு முழங்கால் வலிக்கிறது என்று நிறுத்திவிடுவதற்கு, அழகுக்காகச் செய்த காலணியில் ஓடியதும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

கான்வர்ஸ் ஆல் ஸ்டாரை எடுத்துக்கொள்வோம். 1917இல் கூடைப்பந்துக்காக வந்த காலணி அது. நம் நாட்டின் நகர்ப்புறக் குடியிருப்புகளில் பண்ட்சுலா என்னும் தெரு நடனம் ஆடுபவர்களின் கால்களில் பார்த்திருப்பீர்கள். அதன் சோல் தட்டையானது, அமுங்காதது. நீண்ட தூரம் ஓடுவதற்கு ஏற்ற மென்மை அதில் இல்லை. ஆனால் எடை தூக்குபவருக்கும், நாற்காலியில் உட்காருவது போல் இறங்கி எழும் பயிற்சி செய்பவருக்கும் அந்த உறுதிதான் வேண்டும். கால் ஆடாமல் தரையில் ஊன்றி நிற்கும். ஆகவே ஆல் ஸ்டார் இருந்தால், அது வாரம் இரண்டு நாள் வீட்டிலேயே தசை வலுவுக்கான பயிற்சிக்கு உரியது. ஏர் ஜோர்டன் 1 போன்ற கனமான கூடைப்பந்துக் காலணிகளைக் கடைக்கும் கோயிலுக்கும் நடந்து போவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். காரை எடுக்காமல் போகும் அந்தச் சிறு நடைகள் வாரக் கணக்கில் நன்றாகவே சேரும். டென்னிஸ், பூப்பந்து போன்ற ஆட்டங்களுக்கான காலணிகள் பக்கவாட்டு அசைவைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. பிள்ளைகளோடு முற்றத்தில் விளையாடவும் நடனப் பயிற்சிக்கும் அவை பொருந்தும். தொடர்ந்து ஓட வேண்டும், நாற்பது நிமிடம் வேகமாக நடக்க வேண்டும் என்றால், அதற்கென்றே செய்த ஓட்டக் காலணி ஒரு ஜோடி கட்டாயம் வேண்டும். சேகரிப்பில் அது இல்லையென்றால், அடுத்து வாங்கும் ஜோடி அதுவாகவே இருக்கட்டும்.

வாங்கும்போது மாலையில் கடைக்குப் போங்கள். நாள் முழுதும் நின்ற பாதம் காலையில் இருந்ததைவிடச் சற்றே பெருத்திருக்கும். நடக்கும்போதும் அப்படித்தான் பெருக்கும். நடைக்கு அணியும் அதே காலுறையைப் போட்டுக்கொண்டு, எழுந்து நின்று, மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும். பெரியதற்கு ஏற்ப வாங்க வேண்டும். ‘போடப் போடச் சரியாகிவிடும்’ என்று கடைக்காரர் சொன்னாலும், கடையிலேயே உறுத்தும் ஜோடியை வாங்காதீர்கள். நிறத்தைப் பற்றி நான் மற்றவர்களோடு மாறுபடுகிறேன். ஓட்டக் காலணியில் அழகு பார்க்கக் கூடாது என்று சொல்வார்கள். டெக்கி மீது காதல் கொண்டவருக்கு அழகுதான் அதிகாலையில் கட்டிலை விட்டு எழுப்பும் கை. இரண்டு ஜோடி ஒரே அளவு வசதியாக இருந்தால், எதைப் பார்த்ததும் முகம் மலர்கிறதோ அதையே எடுங்கள்.

இனி, மனம் பற்றிய பகுதிக்கு வருகிறேன். இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘உற்சாகம் வரட்டும், ஆரம்பிக்கலாம்’ என்று காத்திருப்பவர்கள் தைப்பூசக் காவடியை நினைத்துப் பார்க்க வேண்டும். கொடியேறி, கையில் காப்புக் கட்டிய பிறகு, விரதம் இருப்பவர் ஒருநாள் காலையில் எழுந்து ‘இன்று மனம் இல்லை, நாளை பார்க்கலாம்’ என்று சொல்வதில்லை. தொடக்க நாள் தெரியும், முடிவு நாள் தெரியும், செய்ய வேண்டியது தெரியும், வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் சாட்சி. மனநிலையைக் கேட்காமலே காரியம் நடந்துவிடுகிறது. இத்தனை தலைமுறையாக இந்த மண்ணில் காவடி எடுத்து வரும் நம்மவர்களுக்குக் கட்டுப்பாட்டை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

அதே முறையை நடைக்கும் கொண்டுவாருங்கள். ஒரு தொடக்க நாளைக் குறியுங்கள். நான்கு வாரம் கழித்து ஒரு முடிவு நாளையும் குறியுங்கள். திங்கள், புதன், வெள்ளி, சனி என்று நாட்களை வரையறுங்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். முதல் வாரத்தில் பத்து நிமிடம் போதும். பத்து நிமிடம் முடிந்ததும் திரும்பிவிட உங்களுக்கு முழு உரிமை உண்டு. பெரும்பாலான நாட்களில் திரும்ப மாட்டீர்கள். கால் சூடேறிய பிறகு நடப்பதே சுகமாக இருக்கும். வாரந்தோறும் ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாள் தசை வலுவுப் பயிற்சியும் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நான்கு வாரத்தில் அங்கே போய்ச் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தத் திசையில் நடந்தால் போதும்.

இதில் டெக்கிக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. முந்தின இரவே மறுநாளுக்கான ஜோடியைத் தேர்ந்தெடுத்து, லேஸைத் தளர்த்தி, உள்ளே உறையை வைத்து, வாசற்கதவின் அருகே வையுங்கள். அலமாரியில் வைத்தால் அது சேகரிப்பு. வாசலில் வைத்தால் அது அழைப்பு. காலையில் எழுந்தவுடன் போனைத் தொடுவதற்கு முன்பு லேஸைக் கட்டிவிடுங்கள். காலில் டெக்கி ஏறிவிட்டால், திரும்பவும் கழற்றுவதைவிட வெளியே போவது சுலபமாகிவிடும். இதை நான் பல சோம்பலான காலைகளில் கண்டிருக்கிறேன்.

கணக்கு எழுதுவதும் ஆசையை வளர்க்கும். ஓட்டக் காலணி ஒன்று ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பது பொதுவான கணிப்பு. உங்கள் எடை, நடையின் தன்மை, தரை ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். வாரம் 20 கிலோமீட்டர் நடப்பவருக்கு அது இருபத்தைந்து முதல் நாற்பது வாரம். நான் உள்ளே இடும் மெத்தையைத் தூக்கி, அதன் அடியில் பேனாவால் முதல் நாளின் தேதியை எழுதுகிறேன்; பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் நடந்த தூரத்தைக் குறிக்கிறேன். முன்பு வெறும் அட்டையாக இருந்த மூடி இப்போது வரிசை வரிசையாக எண்கள் நிறைந்து கிடக்கிறது. பழைய ஜோடி 400 கிலோமீட்டரைத் தாண்டாமல் புதிய ஜோடி வாங்குவதில்லை என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட நிபந்தனை. புதிய மாதிரி கடைக்கு வந்தது என்ற செய்தி காதில் விழும்போது, பணப்பையை எடுப்பதற்குப் பதில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் பாக்கி என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. பணமும் மிச்சம், நடையும் லாபம்.

இடமும் நேரமும் பற்றி டர்பன்வாசிகளுக்குச் சில வார்த்தைகள். கோடையில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். ஏழு மணிக்கெல்லாம் புழுக்கம் ஆளை அமுக்கும். ஆகவே டிசம்பர், ஜனவரியில் ஐந்து மணி நடையே உத்தமம். ஜூன், ஜூலையில் சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன்புதான் எட்டிப் பார்க்கும். அப்போது மாலை நடைக்கு மாறிக்கொள்ளலாம், ஆனால் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். உஷாகா மரைன் வேர்ல்டில் தொடங்கி நார்த் பீச் வழியாக ப்ளூ லகூன் பக்கம் வரை நீளும் கடற்கரை நடைபாதை சமதளம். அதிகாலையிலேயே ஆட்கள் நிறைந்திருப்பார்கள். தொடக்கக்காரருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. சாட்ஸ்வொர்த்தின் சாலைகள் மேடு பள்ளம் நிறைந்தவை. முதல் மாதத்தில் ஏற்றத்தைத் தவிருங்கள், இரண்டாம் மாதத்தில் வேண்டுமென்றே தேடிப் போங்கள். சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகத்திற்குப் போனால் மண்பாதைக்குரிய பழைய ஜோடியோடு, கூட்டமாகவே போங்கள். விலையுயர்ந்த டெக்கியை அணிந்துகொண்டு ஆள் நடமாட்டமற்ற தெருவில் இருட்டில் தனியே செல்வது நம் ஊரில் ஆபத்து. இதில் தயவுசெய்து துணிச்சல் காட்ட வேண்டாம்.

கூட்டம் வேண்டும் என்றால் சனிக்கிழமை காலை பார்க்ரன் இருக்கிறது. 2004இல் லண்டனின் புஷி பூங்காவில் பதின்மூன்று பேரோடு பால் சின்டன்-ஹியூவிட் தொடங்கியது அது. காம்ரேட்ஸ் மாரத்தானை ஒன்பது முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ் 2011இல் அதை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். கட்டணம் கிடையாது, 5 கிலோமீட்டர், எட்டு மணிக்குத் தொடக்கம், ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நடக்கலாம். கடைசியாக வருபவருக்குப் பின்னால் ஒரு தொண்டர் எப்போதும் நடந்து வருவதால், யாரும் கடைசி ஆள் ஆவதில்லை. ஒருமுறை இணையத்தில் பதிந்து பார்கோடைக் கொண்டுபோனால் உங்கள் நேரம் பதிவாகும். டெக்கிப் பிரியருக்கு அங்கே இன்னொரு விருந்து உண்டு: புறப்படும் இடத்தில் கூடி நிற்கும் கால்களை மட்டும் பாருங்கள். எந்தக் கடைக் கண்ணாடியும் அத்தனை வகையைக் காட்டாது. அத்தனையும் உழைத்த காலணிகள்.

அதுபோல் காம்ரேட்ஸ் நாளில் சாலையோரம் நின்று பாருங்கள். முதல் உலகப் போரில் இறந்த தோழர்களின் நினைவாக விக் கிளாப்பம் 1921இல் தொடங்கிய அந்த ஓட்டம், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிற்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். முதல் ஆண்டில் புறப்பட்டவர்கள் 34 பேர், முடித்தவர்கள் 16 பேர். இன்று பன்னிரண்டு மணி நேர வரம்புக்குள் முடிக்க வேண்டும். ஓட்டம் டர்பனை நோக்கி வரும் ஆண்டில், வழியிலுள்ள பைன்டவுன் அருகே நின்றால், வேகத்தில் பறப்பவர்களைவிட, பிற்பகலில் புழுதி படிந்த டெக்கியோடு ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து வருகிறவர்கள்தான் நெஞ்சில் நிற்பார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் நான் தவறாமல் நடக்கப் போவேன்.

காலணியின் பராமரிப்பில் ஒன்றிரண்டு தவறுகளை மட்டும் சொல்லி நகர்கிறேன். நனைந்த டெக்கியை வெயிலில் நேராகக் காய வைக்காதீர்கள், காரின் பின்பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். வெப்பத்தில் பசை விட்டுவிடும். மெத்தையை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். தாள் நனைந்ததும் மாற்றுங்கள். துணி துவைக்கும் இயந்திரம் வேண்டவே வேண்டாம். இரண்டு ஓட்டக் காலணி இருந்தால் மாற்றி மாற்றி அணியுங்கள். ஒன்று முழுதாகக் காய நேரம் கிடைக்கும்.

காவடிக்கு வெறுங்காலோடு நடக்கப் போகிறவர்கள், ஆண்டு முழுதும் மெத்தைக்குள் இருந்த பாதத்தை ஜனவரி வெயிலின் தார்ச்சாலையில் திடீரென்று இறக்கிவிட வேண்டாம். ஒரு மாதம் முன்பே புல்தரையில் தினம் ஐந்து பத்து நிமிடம் வெறுங்காலில் நடந்து பழகினால் பாதத் தசைகள் வலுப்படும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. நம் சமூகத்தில் அந்த நோய் மிகுதி என்பதை எல்லா வீட்டாரும் அறிவோம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சிறு கல்லோ, மடிந்த உறையோ புண்ணாகும் வரை தெரியாது. அவர்கள் ஒவ்வொரு முறையும் டெக்கிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகே அணிய வேண்டும். திரும்பி வந்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும். தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டு ஆயாவுக்கு அறுபத்தெட்டு வயது, பதினைந்து ஆண்டாகச் சர்க்கரை. மருத்துவர் நடக்கச் சொல்லிப் பல மாதமாகியும் அவர் வாசலைத் தாண்டவில்லை. பேத்தி வாங்கித் தந்த ஊதா நிற ஓட்டக் காலணி ஒன்று அவரிடம் சும்மா இருந்ததைப் பார்த்துவிட்டு, ஒருநாள் கேட்டேன்.

“ஆயா, நாளைக்குக் காலையிலே ஐந்து மணிக்கு வரட்டுமா?”

“வா கண்ணு. ஆனா லேஸை நீதான் கட்டிவிடணும். என்னாலே குனிய முடியலே. நடந்தா பின்னாலே கழண்டு கழண்டு வருது.”

குதிகால் கழன்று வருவதற்கு வழி உண்டு. ஓட்டக் காலணியின் மேல் ஓரத்தில், பலர் பயன்படுத்தாமலே விடும் ஒரு கூடுதல் துளை இருக்கும். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத்தில் அந்தத் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விட்டால் ஒரு சிறு வளையம் உண்டாகும். இரண்டு பக்கமும் வளையம் அமைந்ததும், இடப்பக்க லேஸை வலப்பக்க வளையத்திற்குள்ளும், வலப்பக்க லேஸை இடப்பக்க வளையத்திற்குள்ளும் நுழைத்து, கீழ்நோக்கிச் சேர்த்து இழுத்து, வழக்கம்போல் முடிச்சிட வேண்டும். கணுக்காலைச் சுற்றிப் பிடிக்கும், விரல்களை இறுக்காது. மறுநாள் காலை ஆயாவின் காலணிக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு, அப்படித்தான் கட்டினேன். எழுந்து நின்று குதிகாலை இரண்டு முறை தூக்கிப் பார்த்தார். கழலவில்லை. அன்று தெருமுனை வரை போய் வந்தோம். இப்போது அவர் கோயில் வரை போகிறார். குனியாமல் அணிவதற்காகப் பேத்தி எலாஸ்டிக் லேஸ் மாட்டித் தந்திருக்கிறாள்.